பின்னோக்கி ஓர் இயற்கை உலா

மனித குலம் இதுவரை கண்ட நடைகளிலேயே தலைசிறந்தது பின்னோக்கி நடப்பது. முன்னோக்கி நடக்க எந்தக் குழந்தையும் தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டாம், பதவி வேண்டாம், ஆணையும் வேண்டாம். பின்னோக்கி நடப்பது அப்படியா? அதற்கு ஒரு துறை வேண்டும், துறைக்கு ஓர் இயக்குநர் வேண்டும், இயக்குநருக்கு ஒரு விதி வேண்டும். இந்த மூன்றும் ஒருங்கே வாய்த்த பெருமை இயற்கைக் காட்சித் துறைக்கு உண்டு.

விதி இதுதான்: 'வழிகாட்டி எக்காரணம் கொண்டும் பொதுமக்களுக்கு முதுகு காட்டலாகாது.' முன்னொரு காலத்தில் ஒரு வழிகாட்டி, காட்டின் அழகை விளக்கியபடி நடக்கையில் முதுகைச் சொறிந்திருக்கிறார். பின்னால் வந்த ஒருவர் மனம் புண்பட்டுப் புகார் கொடுத்துவிட்டார். துறை கூடி ஆலோசித்தது. அரிப்பைத் தடுக்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. முதுகைத் தடுக்க இருந்தது. அன்றிலிருந்து வழிகாட்டிகள் மக்களைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து, காட்டைக் காட்டி வருகிறார்கள்.

அப்படிக் காட்டியவர்களில் தலையாயவர் நம் வழிகாட்டி. துறையில் அவருக்கு 'ரிவர்ஸ் அண்ணன்' என்று பெயர். கேலிப் பெயர்தான், ஆனால் அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். இளைஞனாக வேலையில் சேர்ந்த அன்று நுழைவாயிலில் திரும்பி நின்றவர், தலை நரைத்த பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட இடறி விழுந்ததில்லை. பாதை அவருடைய குதிகாலுக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் வழி நெடுக வேர்கள் தட்டிக்கொண்டே இருக்கும். போகப் போகத் தட்டுவது குறைந்து, கடைசியில் பாதை சமையலறைத் தரை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. வேர்கள்கூட நம்மோடு பழகி ஒதுங்கிவிட்டனவே என்று அவர் மனம் நெகிழ்ந்து போனார்.

உலாவின் பெயர் 'ஆறு பருவ இயற்கை உலா'. காடு ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பருவம் மாற மாற அவர் சொல்வது மட்டும் மாறும். நின்று பேசும் இடங்கள் மூன்று: மலர்ச்சரிவு, நீர்க்கோழிக் குளம், பெரிய மரம். இளவேனிலில் சரிவு முழுக்கப் பூ என்பார். காரில் குளம் ததும்புகிறது என்பார். முன்பனியில் பெரிய மரம் ஒவ்வோர் இலையாக உதிர்ப்பதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மும். கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். கையை மட்டும் பின்னால் நீட்டிக் காட்டுவார். அந்த விரல் இடம் தவறியதே இல்லை.

அப்படியானால் அவர் காட்டைப் பார்த்ததே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வேலையில் சேருவதற்கு முன்பு ஒரு தடவை நன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார், அது போதாதா? 'சரி, பின்னால் நடந்தால் கடந்து போன இடமாவது கண்ணில் படுமே' என்று குதர்க்கம் பேசுகிறவர்களும் இருப்பீர்கள். கூட்டம் மறைக்கும், ஐயா. கூட்டம் மறைக்காத இடத்தைக் குடை மறைக்கும். குடை இல்லாத பருவத்தில் குச்சியில் மாட்டிய செல்போன்கள் மறைக்கும். திரும்பி வருவதற்கோ திரைச்சீலை போட்ட வேன். அதிலும் வழிகாட்டி ஓட்டுநருக்கு முதுகைக் கொடுத்து, மக்களைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஓட்டுநருக்கு முதுகு காட்டலாம். அவர் பொதுமக்களில் சேர மாட்டார்.

ஆனால் பருவங்களை அவர் அளவுக்கு அறிந்தவர் எவரும் இல்லை. கூட்டத்தில் முதல் குடை விரிந்தால் கார். மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டால் கூதிர். காதைச் சுற்றித் துணி ஏறினால் முன்பனி. யாராவது தும்மினால் இளவேனில், மகரந்தம் பறக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச காலமாகத் தும்மல் குறைந்து இருமல் கூடியிருந்தது. பூவில் ஏதோ புது ரகம் வந்திருக்கிறது போலும் என்று நினைத்து, அதையும் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டிலும் நடை மாறவில்லை. அவர் மனைவி கூடத்தில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னால் போவார்.

"என்னங்க, திரும்பி நடங்க. இது காடு இல்ல, கூடம்."

"பழக்கம்மா."

"நல்ல பழக்கம்! போன வாரம் மெஷின் மேலயே போய் உக்காந்தீங்க. ஊசி உடைஞ்சுது."

"உடைஞ்சது எனக்குத் தெரியாதா? குத்தினது யாருக்கு?"

அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. கல்யாணமான புதிதில், "ஒரு நாள் உன்னைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. "கூட்டத்துல உன் முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு மறந்துடும்" என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். அவளும் வெட்கப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் தைக்கப் போய்விடுவாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயக்குநர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டைப் பார்த்த பெரிய ஜன்னல். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அதற்குத் திரை போட்டிருந்தார்கள். இயற்கைத் துறை ஆயிற்றே, திரையில் காடு அச்சிட்டிருந்தது. நடுவில் ஒரு மேசை. சாதாரண மேசையா அது! ஒட்டுப் போடாத ஒரே பலகை. மேசையை உள்ளே வைத்துவிட்டு அப்புறம்தான் சுவரைக் கட்டினார்களோ என்று தோன்றும். ஒரு முனையில் இயக்குநர் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவர் கத்தித்தான் பேச வேண்டும்.

"வாங்க, உக்காருங்க. இதைப் பாருங்க" என்று இயக்குநர் ஒரு சின்னக் கருவியை மேசைமேல் உருட்டிவிட்டார். காதில் மாட்டிக்கொள்வது. "இனிமே வழிகாட்டி இதுதான். பார்வையாளருங்க ஆளுக்கொண்ணு மாட்டிக்குவாங்க. அந்தந்த இடம் வந்ததும் அதுவே பேசும். லீவு கேக்காது, தொண்டை கட்டாது."

"முதுகு காட்டாதா சார்?"

"அதுக்கு முதுகே கிடையாது" என்றார் இயக்குநர், சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

இத்தனை வருஷமும் வழிகாட்டிக்குத் தற்காலிக வேலைதான். 'இந்தப் பருவத்தில் நிரந்தரம் ஆக்கிவிடுவோம், அடுத்த பருவத்தில் ஆக்கிவிடுவோம்' என்று இழுத்தடித்துக்கொண்டே வந்தார்கள். இந்த வயதில் வேலை போனால், பின்னோக்கி நடக்க வேறு எந்தக் கடையில் ஆள் எடுப்பார்கள்? பிழைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சரிவு, அந்தக் குளம், அந்த மரம் எல்லாம் இனி நமக்கு இல்லை என்று நினைத்ததும் மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேசைமேல் இரண்டு கைகளையும் அழுத்தி ஊன்றி எழுந்தார்.

"சார், அதுக்குக் கண்ணு இருக்கா? சொல்லிக் கொடுத்ததையே சொல்லிட்டுக் கிடக்கும். நான் அப்படியா? கண்ணால பார்த்ததைச் சொல்றவன் சார் நான்! குளத்துல ஒரு கோழி குறைஞ்சாக்கூடச் சொல்லிடுவேன். இது சொல்லுமா?"

இயக்குநர் யோசித்தார். யோசிப்பதற்கென்று தனியாக ஒரு நாற்காலி வைத்திருந்தார். அதில் மாறி உட்கார்ந்து யோசித்தார்.

"நியாயம்தான். ஒண்ணு பண்ணலாம். தலைமையகத்துலேர்ந்து ஆய்வாளர் அம்மா வராங்க. உங்க உலாவுல கூடவே நடப்பாங்க. பார்த்ததைப் பார்த்தபடி சொல்றீங்கன்னு அவங்களுக்குத் திருப்தியாச்சுன்னா வேலை நிரந்தரம். இல்லேன்னா கருவி."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பயமா இருக்குங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்க்காமலே சொல்லுவேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் வழிகாட்டி.

ஆய்வு நாள் வந்தது. முன்பனிக் காலம், எல்லார் காதிலும் துணி ஏறியிருந்தது. நல்ல கூட்டம். முன்வரிசையில் வழக்கம்போல ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நின்றார். அவர் பருவம் தவறாமல் வருகிறவர், சரியான இடத்தில் 'அடடா' சொல்கிறவர். வழிகாட்டிக்கு அவரைக் கண்டால் தெம்பு. பக்கத்தில் தன் அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த ஒரு பெண், அவளும் வாடிக்கைதான். இன்னும் யார் யாரோ. இயக்குநர் இரண்டு கழுத்துத் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார், ஒன்று குளிருக்கு, ஒன்று பதவிக்கு.

ஆய்வாளர் அம்மாள் கூட்டத்தோடு நிற்கவில்லை. விறுவிறுவென்று எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாதையில் நின்றுகொண்டார். "நான் இங்கேயே முன்னால போறேன். ஒருத்தர் வேலையை அவர் முதுகுக்குப் பின்னாலேர்ந்து பார்த்தாதான் உண்மை தெரியும்" என்றார்.

இயக்குநரின் முகம் வெளிறிவிட்டது. வழிகாட்டியின் காதருகே வந்து, "மேலதிகாரிக்கு முதுகு காட்டக் கூடாது. அதுவும் விதி" என்றார்.

"பொதுமக்களுக்கும் காட்டக் கூடாதே சார்."

"கூடவே கூடாது."

"அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மக்கள். நான் முதுகை எங்க சார் கொண்டுபோய் வைக்கிறது?"

பாதை நடுவிலேயே அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதுகில் ஒரு முகத்தை வரைந்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. வரைகிறவர் லீவில் இருந்ததால் கைவிடப்பட்டது. அம்மாளை மக்களோடு நிற்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். யார் போய்ச் சொல்வது என்று கேட்டதும் அவரே அந்த யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசியில் கணக்கு வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார்.

"முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாதுன்னா, மிச்சம் இடது, வலதுதானே சார்? இடது பக்கம் இருக்கிற மரங்களுக்கு முதுகைக் காட்டட்டுமே."

இயக்குநர் சிந்தித்தார். "மரங்களுக்குக் காட்டலாம். அதுங்க இதுவரைக்கும் புகார் கொடுத்ததில்லை."

இப்படியாகத்தான், துறையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு வழிகாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். இப்படியாகத்தான், வேலை நேரத்தில் அவர் முகம் காட்டைப் பார்த்துத் திரும்பியது.

முதலில் மலர்ச்சரிவு. கை தானாக நீண்டது, வாய் தானாகத் திறந்தது. "உங்க வலது பக்கத்துல பாருங்க, பூக்கள்! திரும்பின பக்கமெல்லாம் பூக்கள்!"

பூக்கள் இருக்கத்தான் செய்தன. வரிசையாகக் கட்டியிருந்த கழிப்பறைகளின் கதவுகளில், கதவுக்கு ஒரு பூவாக வரைந்திருந்தார்கள்.

வழிகாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கதவுதான். வாய் மட்டும் நிற்காமல் ஓடியது. "முன்பனியில மொட்டுங்க கூச்சப்பட்டுக்கிட்டே, மெதுவாத் திறக்கும்..." ஒரு கதவு திறந்து, ஒரு பெரியவர் இடுப்பு வாரைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

"அடடா!" என்றார் கணக்கு வாத்தியார்.

ஆய்வு நாளுக்காக ஏதோ தற்காலிக ஏற்பாடு செய்திருப்பார்கள், எல்லாம் சரியாகிவிடும், குளம் வரட்டும் என்று வழிகாட்டி மனசைத் தேற்றிக்கொண்டு நண்டு நடையில் நகர்ந்தார். குளமும் வந்தது. குளத்தின் நடுவே அவர் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கணுக்கால்கூட நனையவில்லை.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வேன் ஓட்டுநர். பார்வையாளர்களைத் திரும்பக் கொண்டுவரும் அதே திரைச்சீலை வேனை, வெள்ளைக் கோடு போட்ட ஒரு பரந்த சிமெண்டுத் தரையில் நிறுத்திவிட்டு, கையில் துணியோடு நின்றான். சுற்றிலும் கார்கள். அந்தக் குளம் முழுக்கத் தேடினாலும் அவன் காலடியில் இருந்த ஒரு வாளியில்தான் தண்ணீர் இருந்தது.

"மச்சான்! குளத்துல என்னடா பண்றே?"

"வண்டி கழுவுறேன் மாமா!"

"குளம் எங்கடா?"

"எந்தக் குளம்?"

"நீர்க்கோழிக் குளம்டா!"

"அதைத் தூர்த்துத்தானே மாமா இந்தப் பார்க்கிங்கையே கட்டினாங்க? பார்க்கிங் வந்ததாலதானே வேன் வந்துச்சு? வேன் வந்ததாலதானே எனக்கு வேலை வந்துச்சு? நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க!"

"எங்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன். தினமும் என்னைக் கை காட்டி என்னமோ சொல்லிட்டுப் போவீங்க. கூட்டமெல்லாம் என்னைப் பார்க்கும். நானும் கையை ஆட்டுவேன்."

வழிகாட்டி மெல்ல மக்கள் பக்கம் திரும்பினார். எத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகிய முகங்கள்!

"நீங்க சொல்லுங்க. இங்க குளம் இருக்கா?"

"இருக்கே" என்றது கூட்டம்.

"எங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குச்சியில் செல்போன் மாட்டியிருந்த ஒருவர், "போன தடவையைவிடத் தண்ணி தெளிவா இருக்கு சார்" என்றார். அத்தையோடு வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மொதல்லேர்ந்தே தெரியலைங்க. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா, என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். கண்ணாடி மாத்தினேன். அப்பவும் தெரியல. டாக்டரை மாத்தினேன்." அவள் அத்தை மட்டும், "எனக்கு நல்லாவே தெரியுது. வெள்ளையா ஒரு பெரிய கோழி நிக்குது பாரு" என்று வேனைக் காட்டினாள்.

வழிகாட்டி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நம் வழிகாட்டி என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் 'நீர்க்கோழிகள் இறகைக் கோதுகின்றன' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். வேலை நிரந்தரம் ஆகியிருக்கும். அவருக்கும் அது தெரியும். மனைவியின் முகமும் கண் முன்னால் வந்து போனது. ஆனால் 'பார்த்ததைச் சொல்றவன் நான்' என்று மேசையில் கையூன்றிச் சொன்ன வாய் அது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதுகை மக்களுக்குக் காட்டினாரா, அம்மாளுக்குக் காட்டினாரா என்று பிற்பாடு விசாரணையில்கூடத் தெளிவாகவில்லை. பார்க்கிங்கைப் பார்த்து நேராகத் திரும்பி நின்றார்.

"பொதுமக்களே! இது முன்பனிக் காலம். இந்தப் பருவத்துல இங்க கார்கள் வந்து தங்கும். கறுப்பு, வெள்ளை, சாம்பல்னு பல ரகம். அதோ, ரெண்டு கோட்டுக்கு நடுவுல கோணலா நிக்குதே, அது முரட்டு ரகம், பக்கத்துல இன்னொண்ணை அண்ட விடாது. வெள்ளையா பெரிசா இருக்கிறது வேன். பின்னால போகும்போது மட்டும் பீப் பீப்னு கூவும். அதுக்குத் தண்ணி காட்டுறவன் என் மச்சினன். எந்தப் பருவத்துலயும் இடம் பெயர மாட்டான். கார்காலத்துல இந்தக் கார்களுக்கு அடியில எண்ணெய் ஒழுகும். முதுவேனில்ல இந்தத் தரையில நின்னா செருப்பு ஒட்டிக்கும். இலை உதிராது, மொட்டு விடாது, ஒரு ஈ காக்கா வராது. நல்லாப் பாருங்க. இதுதான் இங்க இருக்கு!"

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு செல்போன்காரர் கேட்டார்: "சார், கோழியைப் பத்தி எப்ப சொல்லுவீங்க?"

பெரிய மரத்துக்கு வழிகாட்டி ஓடினார். முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஓடிப் பழக்கம் இல்லாததால் தடுக்கித் தடுக்கி ஓடினார். மரம் நின்ற இடத்தில் வட்டமாகச் சிமெண்டு பூசி, 'இங்கே நின்று புகைப்படம் எடுக்கவும்' என்று பலகை வைத்திருந்தார்கள். பின்னாலேயே இயக்குநர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மரம் எங்க சார்?"

"எந்த மரம்? ஓ, அதுவா? அது மேலதானே அன்னிக்கு ரெண்டு கையையும் ஊன்றிப் பேசினீங்க?"

வழிகாட்டி தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க. எல்லாம் உங்க புகழால வந்ததுதான்" என்று இயக்குநர் ஆறுதல் சொன்னார். "நீங்க சொல்ற அழகுல கூட்டம் கூடுச்சு. கூட்டம் கூடினா கழிப்பறை வேணாமா? வண்டி நிறுத்த இடம் வேணாமா? இதையெல்லாம் உக்காந்து பேச ஒரு மேசை வேணாமா?"

அன்று மாலையே அந்த மேசையைச் சுற்றித் தீர்ப்பு கூறப்பட்டது. ஆய்வாளர் அம்மாள் நியாயமான மனுஷி. நல்லதை நல்லது என்றே சொன்னார்.

"இவர் பேச்சு அருமையா இருந்தது. மலர்ச்சரிவுல எனக்கே பூ வாசனை வந்துச்சு. ஆனா பார்க்க ஆரம்பிச்சதும் கெட்டுப் போச்சு. ஏன்யா, கருவிக்குக் கண் இல்லைன்னு குறை சொன்னீங்களாமே? அதுதானே அதோட முதல் தகுதி!"

"பார்த்ததைச் சொன்னா நிரந்தரம்னு சொன்னீங்களேம்மா?"

"பார்த்ததைச் சொல்லச் சொன்னோம். இருக்கிறதைச் சொல்லச் சொன்னோமா?"

கருவிதான் என்று முடிவாயிற்று. மக்கள் கேட்டுப் பழகிய குரல் என்பதால் கருவிக்குள் பேசுவது மட்டும் வழிகாட்டியின் குரலாகவே இருக்கட்டும் என்று அம்மாள் பெருந்தன்மையோடு அனுமதித்தார். அதையெல்லாம் துறை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தது.

வீட்டில் கொஞ்ச நாள் அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காலையில் மனைவி மெஷினை மூடி வைத்துவிட்டு, "வாங்க, கிளம்புங்க. இனிமே என்ன சாக்குச் சொல்லுவீங்க?" என்றாள். இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களாக உள்ளே போனார்கள்.

கூட்டம் குறையவே இல்லை. ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. ஒரு பேச்சு மூச்சு இல்லாமல், எல்லாரும் ஒரே சமயத்தில் வலது பக்கம் திரும்பினார்கள், ஒரே சமயத்தில் வியந்தார்கள். வழிகாட்டி மனைவியின் பக்கத்தில் முன்னோக்கி நடந்தார். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். பார்க்கிங் வந்ததும் அவள் நின்றாள். கருவியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். தூரத்தில் அவள் தம்பி கையை ஆட்டினான்.

"இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வராம இருந்தீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"குளம்னீங்களே. ராத்திரி தூக்கத்துலகூடக் குளம் குளம்னு பேசுவீங்களே." அவள் கண் கலங்கிவிட்டது. குளத்துக்காகவா, இந்த மனுஷனுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினார். "இங்க குளமே இல்லீங்க! எடுத்துட்டுப் பாருங்க! குளம் இல்ல!"

"உஷ்!" என்று நாலா பக்கமிருந்தும் அதட்டினார்கள். முன்னால் நின்ற கணக்கு வாத்தியார் திரும்பாமலே விரலை உயர்த்தினார். "கொஞ்சம் சும்மா இருங்க. அவர் பேசிட்டிருக்கார்ல?"

"அவரே நான்தாங்க!"

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா! உங்களைத்தான் கேட்டுட்டிருக்கேன். ஒரு நிமிஷம் இருங்க, குளம் முடியட்டும்."

குளம் முடிகிற வரைக்கும் வழிகாட்டி காத்திருந்தார். தன் குரல் தனக்குக் கேட்காமல், வாத்தியாரின் தலை அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் கருவியைக் கழற்றியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, நான் பின்னால நடந்தவன். எனக்குத் தெரியல. நீங்கெல்லாம் முன்னால பார்த்துத்தானே நடந்தீங்க? சரிவு போனப்ப, குளத்தைத் தூர்த்தப்ப, மரத்தை வெட்டினப்ப... ஒருத்தராவது, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வாத்தியார் சங்கடத்தோடு நெளிந்தார்.

"சொல்லணும்னுதான் சார் ஒவ்வொரு தடவையும் நினைச்சோம். ஆனா நீங்க பேசிட்டிருந்தீங்களே."

பண்பட்ட மக்கள். ஒரு காடே காலியாகிற வரைக்கும் அவர்களில் ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை.